மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே

சென்னைக்கு வடக்கே கடற்கரையை ஒட்டிப் பழவேற்காட்டேரி பரந்து கிடக்கின்றது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்திட்டு இதனைக் கடலினின்றும் பிரிக்கின்றது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கும். முகத்துவாரத்தின் வழியே கடலின் உவர்நீர் உட்புகும். இவ்விரு நீரும் கலக்கும் இடத்தில் மடவையும் கெளுத்தியும் இறாலும் நண்டும் செழித்து வளர்கின்றன. ஏரியைச் சூழ்ந்த குப்பங்களில் வாழும் மக்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றைப் பிடித்தே வாழ்ந்து வருகின்றனர்.

பிடித்த மீன் அனைத்தும் அன்றே விலைபோவதில்லை. எஞ்சியது கருவாடாகின்றது. குப்பத்துப் பெண்டிர் மீனைக் கீறிக் குடலை நீக்கிக் கழுவி, உப்பிட்டுத் தொட்டியில் அடுக்கி வைப்பர். உப்பு ஊறியபின் எடுத்து வெயிலிற் காயவைப்பர். நம் நாட்டின் வெப்பத்தில் மீன் சில நாழிகைக்குள் கெடத் தொடங்கிவிடும். அதனைத் தடுத்து, கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள ஊர்களிலும் ஏழை மக்களின் சோற்றுக்குத் துணையாகச் சேர்ப்பது ஒரு பிடி உப்பே ஆகும்.

அவ்வுப்பு எத்தகையது என்று எவரேனும் கேட்டதுண்டா? உப்பு எல்லாம் ஒன்றே என்றுதான் நாம் எண்ணுகின்றோம். அங்ஙனமன்று என்பதை நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே இந்நாட்டுக் கடற்கரைகளிற் சென்று கண்டு, அரசினருக்கு எழுதிக் காட்டிய ஒருவர் இருந்தார். அவர் பெயர் பிரான்சிஸ் டே.

இப்பெயரைக் கேட்டவுடன் மாணவர்க்கு வேறொருவர் நினைவு வரக்கூடும். 1639-ஆம் ஆண்டில் சென்னைப் பட்டினத்தில் ஆங்கிலேயரின் கோட்டைக்கு இடம் தேர்ந்த வணிகரின் பெயரும் பிரான்சிஸ் டே என்பதேயாகும். அவ்வணிகர் அதற்கு முன், பழவேற்காட்டேரியின் வடபால் உள்ள துர்கராயப்பட்டினத்தில், ஆர்மகான் என வழங்கிய ஆங்கிலேயப் பண்டகசாலைக்குத் தலைவராக இருந்தார். ஏரியின் தென்பால் பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டிக்கொண்டு வணிகம் செய்த காலம் அது. நாம் இங்கே கூறப்புகுவது அவ்வணிகரைப் பற்றியன்று. அவருக்கு இருநூறு ஆண்டு பிற்பட்டுப் பிறந்து, மருத்துவராக இந்நாட்டுக்கு வந்து, மீன்களை ஆராய்ந்து புகழெய்திய மற்றொருவரைப் பற்றியதாகும்.

மருத்துவர் டே 1829-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2-ஆம் நாள் இங்கிலாந்தில் சசெக்ஸ் மாவட்டத்து மேர்ஸ்பீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். அவர்தம் குடும்பம் நிலபுலங்கள் நிரம்பியது. ஷ்ரூஸ்பரிப் பள்ளியிற் பயின்றபின், இலண்டன் நகரத்துப் புனித ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றுத் தேர்ந்தார். 1852-இல் சென்னை இராசதானியின் படைமருத்துவராகப் பணியேற்றுக் கப்பலேறினார். அப்பொழுது பர்மாவிற் போர் நடந்துகொண்டிருந்தது. இளம் மருத்துவர் அங்கும் பணியாற்ற நேர்ந்தது.

அவருடைய வாழ்வைத் திருப்பிய இடம் கொச்சி ஆகும். அங்கே மருத்துவராக அமர்ந்திருந்த ஆண்டுகளில், காயல்களிலும் கடலிலும் பிடிபட்டுக் கரைக்கு வந்த மீன்களின் வகையும் வண்ணமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் மீன்களுக்கே ஆயிற்று. கொச்சி நாட்டின் பழமையையும் அந்நாளைய நிலையையும் விளக்கும் நூலொன்றை 1863-இலும், மலையாளக் கரையின் மீன்களைப் பற்றிய நூலொன்றை 1865-இலும் வெளியிட்டார். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் ஐரோப்பிய டிரவுட் மீனைக் குடியேற்றவும் அவர் முயன்றார், அம்முயற்சி கைகூடவில்லை.

அந்நாளில் வேளாண்மைக்கெனப் பேராறுகளின் குறுக்கே அணைகள் எழுந்திருந்தன. கடலினின்றும் ஆற்றில் ஏறிச் சென்று முட்டையிடும் மீன்களுக்கு இவ்வணைகள் தடையாகுமோ என்ற ஐயத்தை, அணைகள் கட்டுவதிற் பெயர்பெற்ற சர் ஆர்தர் காட்டனே எழுப்பினார். தாம் கட்டியவற்றின் குறையைத் தாமே எடுத்துரைக்கும் பொறியாளரைக் காண்பது அரிது. இதனை ஆராயும் பொறுப்பு டே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆறுதோறும் அணைதோறும் சென்றார். மாவட்ட அலுவலர்களிடமிருந்தும் உள்ளூர் அலுவலர்களிடமிருந்தும் விடைகளைத் திரட்டினார். இப்பணியின் பயனாக 1871-இல் இந்தியாவின் மீன்வளத் தலைமைக் கண்காணிப்பாளராக உயர்ந்தார். ஆறுகளோடு நில்லாமல் இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள கடற்கரைகளையும் அவர் ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சியின் பயனாக எழுந்த அறிக்கை 1873-இல் வெளிவந்தது. உப்பைப் பற்றிய செய்தி அதில்தான் வருகின்றது.

அந்நாளில் உப்பு எளிய பொருளாக இருக்கவில்லை. சென்னை இராசதானியில் 1805-ஆம் ஆண்டு முதல் உப்பு விளைவிப்பதும் விற்பதும் அரசினரின் தனியுரிமையாக இருந்தன. உப்பின் அடக்கவிலை சிறிது. அதன்மேல் ஏற்றப்பட்ட வரியோ பன்மடங்கு. அவ்வரியும் காலந்தோறும் உயர்ந்துகொண்டே வந்தது. ஓர் இல்லத்தின் சமையலுக்கு வேண்டும் உப்பு கொஞ்சமே, எப்படியோ வாங்கிவிடலாம். ஆனால் மீனைப் பதப்படுத்துவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். மலிவான மீனுக்கு விலைமிகுந்த உப்பைப் பெய்தால், கருவாட்டின் விலை ஏழைகளுக்கு எட்டாமற் போகும். விலையைக் கூட்டாவிடின் மீனவர்க்கு முதலே கையை விட்டுப் போகும்.

மீனவர் என் செய்வர்? சிலர் உப்பே இடாமல் மீனை மணலிற் பரப்பிக் காயவைத்தனர். சிலர் போதிய அளவினும் குறைவாகவே உப்பிட்டனர். இன்னுஞ் சிலர், காயல் ஓரங்களில் வெயிற்காலத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைச் சுரண்டி வந்து அதனையே மீனுக்கு இட்டனர். அம்மண்ணை எடுப்பதும் குற்றமெனக் கருதப்பட்ட இடங்கள் உண்டு. உணவைக் கெடாமற் காக்கவேண்டிய பொருளுக்கு மாற்றாக, சேறும் மணலும் கசப்பும் கலந்த மண் உணவோடு சேர்ந்தது.

மருத்துவர் டே இதனை மருத்துவர் கண்கொண்டே நோக்கினார். மேலே உலர்ந்து நல்ல கருவாடு போலத் தோன்றும் மீன், உள்ளே அழுகியிருப்பதை அவர் கண்டார். அத்தகைய மீன் வயிற்றுக் கோளாறுகளை விளைவிக்கும் என்பது அவர் கருத்து. மீனவரின் அறியாமையே இக்கேட்டுக்குக் காரணம் என்று சொல்லிவிட்டு அவர் அமைந்திருக்கலாம். அலுவலர் பலர் அவ்வாறு எண்ணினர். டே அவ்வாறு செய்யவில்லை. நல்ல உப்பு மலிவாகக் கிடைத்த இடத்தில் நல்ல கருவாடும், கிடைக்காத இடத்தில் அழுகிய கருவாடும் உண்டாதலைச் சுட்டிக் காட்டி, குறை மீனவரிடத்தன்று, வரியின்கண் உள்ளது என்று அவர் நிறுவினார். அரசின் ஊதியம் பெறும் ஒருவர், அரசின் பெருவருவாய்களுள் ஒன்றைக் குறித்து இவ்வாறு எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆயினும், வரியையே ஒழித்துவிடுமாறு கூறும் அளவுக்கு அவர் செல்லவில்லை. மீன் பதனிடுவதற்கு மட்டும் மலிவான உப்பு வழங்கப்படல் வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள்.

உவர்மண் ஏன் தீது என்பதை இன்றைய அறிவியல் இன்னும் தெளிவாக உரைக்கின்றது. மீனின் தசையில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்குக்கு மேல் நீரே உள்ளது. உப்பு அந்நீரை வெளியே ஈர்த்துத் தான் உட்புகும். நீர் குறைந்து உப்பு மிகுந்த தசையில் அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருக இயலா. ஆகவே உப்பிடுதல் என்பது ஒரு போட்டி எனலாம். உப்பு முந்தி உட்சென்றால் மீன் பிழைக்கும். நுண்ணுயிர் முந்தினால் மீன் கெடும். தூய உப்பாகிய சோடியம் குளோரைடு விரைந்து உட்செல்லும். அதனோடு கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த உப்புகள் கலந்திருந்தால், தசையின் மேற்புறம் வெளுத்து இறுகிவிடும். உப்பு உட்செல்வது தாமதமாகும். குளிர்நாடுகளில் இத்தாமதத்தால் பெருங்கேடு விளைவதில்லை. பழவேற்காடு போன்ற வெப்பமான இடங்களிலோ, உப்பு நடுமுள்ளை எட்டுமுன் அங்கே அழுகல் தொடங்கிவிடும். மக்னீசியம் கலந்த உப்பு காற்றின் ஈரத்தையும் இழுக்கும். கருவாடு கசக்கும், நமுத்துப் போகும். உப்பளத்து நீரில் வாழும் சிலவகை நுண்ணுயிர்கள் உப்பையே விரும்பி வளர்ந்து கருவாட்டைச் செந்நிறமாக்குவதும் உண்டு.

உணவிற் சேர்க்கும் எப்பொருளைப் பற்றியும் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு. அப்பொருள் தானே தூயதா, அதனுள் வேறு எவை எவ்வளவு கலந்துள்ளன என்பது ஒன்று. அதனை எவ்வளவு உண்டால் உடலுக்குத் தீங்கில்லை என்பது மற்றொன்று. டே எழுதிய காலத்தில் இவ்வினாக்கள் இரண்டையும் முறையாகக் கேட்டு விடை காணும் அமைப்பு நன்கு உருவாகவில்லை. 1902-இல்தான் அமெரிக்காவில் ஹார்வி வைலி என்னும் வேதியியல் அறிஞர், இளைஞர் சிலரை ஒரே பந்தியில் அமர்த்தி, உணவு கெடாமலிருக்க வணிகர் சேர்த்துவந்த வெங்காரம், பார்மால்டிஹைடு முதலிய பொருள்களை அளந்து உண்பித்து, அவர்தம் உடல்நிலையைக் குறித்து வந்தார். இந்நாளில் யாரும் அம்முறையை ஒப்புக்கொள்ளார். ஆயினும் அதன் பயனாக எழுந்த கிளர்ச்சி, 1906-இல் அந்நாட்டில் உணவுத் தூய்மைச் சட்டம் பிறக்கத் துணைபுரிந்தது. 1956 முதல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக நலவாழ்வு நிறுவனமும் கூட்டாக அமைத்த வல்லுநர் குழு, உணவிற் சேர்க்கும் பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, நாள்தோறும் உண்ணத்தக்க அளவையும், பொருளின் தூய்மைக்கான இலக்கணத்தையும் வகுத்து வருகின்றது. மீனுக்குப் பார்மலின் சேர்ப்பது நம் நாட்டில் ஒப்புக்கொள்ளப்படாத செயல். எனினும் 2018-இல் கேரள எல்லைச் சாவடிகளிற் பார்மலின் கலந்த மீன் பெருமளவிற் பிடிபட்டது. உவர்மண்ணுக்கு வறுமை காரணம். பார்மலினுக்கு அச்சாக்கும் இல்லை.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் கூறுதல் வேண்டும். இலண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் என்னும் பெரும்புகழ் வாய்ந்த மருத்துவர் இருந்தார். கெட்டுப்போன மீனை உண்பதனாலேயே தொழுநோய் உண்டாகின்றது என்று அவர் உறுதியாக நம்பினார். முதுமைப் பருவத்தில், 1902-ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியாவுக்கே வந்து சான்று தேடினார். உப்பு வரியையும் குறை கூறினார். வரியைப் பற்றி அவர் கூறியது நன்று. நோயைப் பற்றி அவர் கொண்ட முடிபோ தவறாயிற்று. தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு ஹான்சன் என்பார் 1873-இலேயே, அதாவது டே அவர்களின் அறிக்கை வெளிவந்த அதே ஆண்டில், கண்டிருந்தார். கெட்ட மீன் செய்யும் தீங்குகள் பல; தொழுநோய் அவற்றுள் ஒன்றன்று. நல்ல நோக்கத்திற்காகக் கூறப்படினும் சோதித்தறியாத கூற்று அறிவியலாகாது. டே தாம் கண்ட அளவோடு நின்றதனால் அவர் கூற்று நிலைத்தது.

அறிக்கைக்குப் பயன் விரைவிலேயே கிடைத்தது. 1870-களில் சென்னை இராசதானியின் மேலைக் கரையில் மீன் பதனிடும் கூடங்கள் தொடங்கப்பெற்றன. பின்னர்க் கீழைக் கரைக்கும் அவை பரவின. வேலியிட்ட கூடத்திற்குள் மீனவர் மீனைக் கொண்டுவந்தால், அதன் எடைக்கேற்ப உப்பு வரியின்றி அடக்கவிலைக்கு அளந்து கொடுக்கப்பட்டது. மீனை அங்கேயே கீறி, அங்கேயே உப்பிட்டு, பதமானபின் வெளியே எடுத்துச் செல்லலாம். உப்பை மட்டும் வெளியே கொண்டுபோதல் ஆகாது. வேலியின் நோக்கம் மீனைக் காப்பதன்று, வரியைக் காப்பதே என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. இருப்பினும் உவர்மண் இட்ட கருவாட்டின் இடத்தில் உப்பிட்ட கருவாடு வந்தது.

இதற்கிடையில் டே தம் வாழ்வின் பெருநூலை எழுதிக்கொண்டிருந்தார். இந்திய மீன்கள் என்னும் அந்நூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1,400-க்கும் மேற்பட்ட மீன்வகைகள் அதனுள் விளக்கப்பெற்றுள்ளன. அழகிய ஓவியங்களும் உள்ளன. அறிவியற் பெயரோடு, தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளில் மீனவர் வழங்கும் பெயர்களையும் அவர் கேட்டறிந்து எழுதிவைத்தார். ஏட்டில் ஏறாத எத்தனையோ பெயர்கள் இவ்வாறு காக்கப்பட்டன.

அவர் குறையற்றவர் என்று கூறுதற்கில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மீன்பகுதியைக் கவனித்துவந்த ஆல்பர்ட் குந்தர் என்னும் அறிஞருக்கும் அவருக்கும் நெடுநாட் பகை இருந்தது. ஒருவர் நூலை மற்றவர் கடுமையாகத் தாக்கினர். இப்பூசலின் விளைவாக, டே அரிதின் முயன்று திரட்டிய மீன்களுள் ஒரு பெரும்பகுதி இலண்டனுக்குச் செல்லாமல், விலைக்கு விற்கப்பட்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. சோழமண்டலக் கரையின் மீன் எங்கே, சிட்னி எங்கே! அறிவாளர் இருவரின் சினம் கடல் கடந்தும் பயணம் செய்தது.

பணியினின்றும் ஓய்வு பெற்றபின் டே இங்கிலாந்தில் செல்டன்ஹாம் நகரில் வாழ்ந்தார். 1883-இல் இலண்டனில் நடைபெற்ற அனைத்துலக மீன்வளக் கண்காட்சியில் இந்தியப் பகுதியை அமைக்கும் பொறுப்பை ஏற்றார். பிரிட்டனின் மீன்களைப் பற்றியும் நூல்கள் எழுதினார். 1885-இல் அரசினர் அவருக்குச் சி.ஐ.இ. என்னும் பட்டம் வழங்கினர். 1889-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள், தமது அறுபதாம் வயதில், அவர் இயற்கை எய்தினார். பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்களைப் பற்றிய நூல்வரிசைக்கு அவர் எழுதிய மீன்கள் பற்றிய இரு தொகுதிகளும் அதே ஆண்டில் வெளிவந்தன.

அவர் மறைந்தபின் பதினாறு ஆண்டுகள் கழித்து, கூட்டுறவு இயக்கத்திற்கு வித்திட்ட சர் பிரெடெரிக் நிக்கல்சன் சென்னை மாநிலத்தின் மீன்வளத்தை ஆராயப் புகுந்தார். உப்பு மட்டும் போதாது என்பதை அவர் கண்டார். கரைக்கு வரும்போதே பாதி கெட்டுவிட்ட மீனுக்கு எவ்வளவு நல்ல உப்பு இட்டாலும் பயனில்லை. கழுவுதலும் குடல் நீக்குதலும் விரைவும் தூய்மையும் உடன் வேண்டும். டே தொடங்கிய பணியில் இருந்த குறை இது. நிக்கல்சனின் துணைவராக 1908-இல் வந்த ஜேம்ஸ் ஹார்னெல், பழவேற்காட்டேரியை நேரில் ஆராய்ந்து, அங்கே ஆளி என்னும் சிப்பியை வளர்க்கலாமா என்பதைப் பற்றி அறிக்கை எழுதினார். உப்புத் துறையின் கையிலிருந்த மீன் பதனிடும் கூடங்கள் 1920-களில் மீன்துறையின் கைக்கு வந்தன.

1930-இல் காந்தியடிகள் தண்டிக்கும், இராஜாஜி வேதாரணியத்திற்கும் உப்பள்ளச் சென்றனர். 1947-ஆம் ஆண்டில் உப்பு வரி நீக்கப்பட்டது. அன்று முதல், ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்மணி ஒருத்தி தன் வாசலிலேயே அமர்ந்து, வேலியும் காவலரும் இன்றி, விரும்பிய அளவு உப்பை மீனுக்கு இடலானாள்.